வீசிங் மாத்திரையால கை நடுக்கம்: புரோபிரனலால் போடலாமா?

மேலூர்ப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "எங்கம்மாவுக்கு வீசிங் இருக்கு. சல்பூட்டமால் 4 மில்லிகிராம் மாத்திரை போட்டா கொஞ்ச நேரத்துல கை நடுங்க ஆரம்பிச்சிருது, பூக்கட்ட முடியல. பக்கத்து வீட்டு அக்கா கை நடுக்கத்துக்கு புரோபிரனலால் சாப்பிடுறாங்க, நல்லா கேக்குதாம். அம்மாவுக்கும் அதையே கொடுக்கலாமா? பீட்டா பிளாக்கர் தசையைத் தளர்த்திரும்னு வேற சொல்றாங்களே, நெசமா?"

தம்பி, கொடுக்காதீங்க. ஒரு மாத்திரை கூட வேணாம்.

சல்பூட்டமால் போய் ஒட்டுறது பீட்டா 2 ஏற்பியில (ஏற்பின்னா மருந்து வந்து ஒட்டி வேலை செய்யிற இடம்). அது மூச்சுக்குழாய்லயும் இருக்கு, கைத்தசையிலயும் இருக்கு. நரம்புல இருந்து உத்தரவு வர வர, தசை நார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை துடிக்கும். தவில்ல வேகமா உருட்டும்போது அடியெல்லாம் சேர்ந்து ஒரே நாதமா கேக்கும்ல, அந்த மாதிரி துடிப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தாத்தான் கை ஆடாம நிக்கும். சல்பூட்டமால், மெதுவா இயங்குற தசை நார்கள்ல துடிப்பைச் சீக்கிரமே அடங்க வச்சிருது. நடுவுல இடைவெளி விழுந்துரும். நடுக்கம் பெருசாத் தெரியிறது அதனாலதான்.

புரோபிரனலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது பீட்டா ஏற்பியை அடைக்கிற மருந்து. பீட்டா 1, பீட்டா 2 ரெண்டையும் அடைக்கும். தசையில அடைச்சா நடுக்கம் குறையும், வாஸ்தவம். ஆனா மூச்சுக்குழாய்லயும் சேர்த்து அடைக்கும். இழுப்பு வந்துரும். அந்த நேரம் அவசரத்துக்கு அடிக்கிற பஃப்பும் சரியாக் கேக்காது, ஏன்னா அது ஒட்ட வேண்டிய இடத்துல இந்த மருந்து உக்காந்திருக்கும். ஆஸ்துமாக்காரங்களுக்கு இது உயிர் சமாச்சாரம்.

பின்ன என்ன செய்ய? கணக்குப் பாருங்க. 4 மில்லிகிராம்னா 4000 மைக்ரோகிராம். இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில 40 பஃப் மருந்து இருக்கு, அதுவும் ரத்தத்துல கலந்து உடம்பு பூராப் போகுது. டாக்டரைப் பாத்து, மாத்திரையை விட்டுட்டு ஸ்பேசரோட (இன்ஹேலர் முனையில மாட்டுற குழாய்) இன்ஹேலருக்கு மாத்தலாமான்னு கேளுங்க. தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் வேணுமான்னும் கேளுங்க, அதை ஒழுங்கா எடுத்தா சல்பூட்டமால் தேவையே குறையும். மாத்திரை அட்டையில தியோஃபிலின்னு இன்னொரு வீசிங் மருந்து பேர் இருந்தா அதையும் காட்டுங்க, அதுவும் நடுக்கம் கொடுக்கும்.

அந்த அக்காவுக்கு இருக்கிறது பரம்பரையா வர்ற நடுக்கமா இருக்கலாம். அதுக்கு புரோபிரனலால் நல்ல மருந்துதான். 10 இல்லேன்னா 20 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, நாடித்துடிப்பு, பிரஷர் பாத்து மெல்ல ஏத்துவாங்க. ஒரு நாளைக்கு 60ல இருந்து 240 வரைக்கும் போகும். திடீர்னு நிறுத்தக் கூடாது. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்களுக்கு சுகர் இறங்குனா வர்ற படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைச்சிரும். வேர்வை மட்டும் வரும், அதைக் கவனிக்கணும்.

ஆய்வகத்துல எலிக்கு ஆக்ஸோட்ரெமோரின், ஹார்மலின்னு மருந்து கொடுத்து நடுக்கத்தை வரவச்சுப் பாப்பாங்க. முதலாவது மூளையில அசிட்டைல்கோலின்ங்கிற நரம்புச் சேதிப் பொருளோட வேலையைத் தூண்டுது. ரெண்டாவது மூளைத்தண்டுல இருக்கிற ஒரு நரம்புக் கூட்டத்தைத் தாளம் போட வைக்குது. ரெண்டு நடுக்கத்தையும் புரோபிரனலால் குறைக்கும். ஆக்ஸோட்ரெமோரின் வேலை செய்யிற ஏற்பியை அது அடைக்கிறதில்ல, அதை அடைக்கிறது அட்ரோபின்ங்கிற வேற மருந்து. அப்படியும் நடுக்கம் குறையுது. நடுக்கத்தை அடக்க அது தொடங்குன இடத்துலயே கை வைக்கணும்னு இல்லைங்கிறது இதுல புரியும்.

தசை தளருமான்னு கேட்டீங்கள்ல. நரம்பும் தசையும் சேர்ற இடத்துல ரொம்ப அதிக அளவு புரோபிரனலால் வச்சா தசைச் சுருக்கம் குறையுது. பீட்டாவை அநேகமா அடைக்காத அதோட கண்ணாடி வடிவமும் (வலது கை, இடது கை மாதிரி திரும்பி இருக்கிற அதே மூலக்கூறு) அதே வேலையைச் செய்யுது. அப்ப இது பீட்டாவை அடைக்கிறதால இல்ல, நரம்பு, தசை செல்லோட சவ்வை மரத்துப் போக வைக்கிற குணத்தால. வழக்கமான டோஸ்ல சாதாரண ஆளுக்கு இதனால தசை தளராது.

மயஸ்தீனியாங்கிற, தசை சீக்கிரம் ஓய்ஞ்சு போற நோய் இருக்கிறவங்க கதை வேற. அங்க நரம்பும் தசையும் சேர்ற இடத்துல நரம்போட உத்தரவை வாங்குற ஏற்பிகளே கம்மி, கொஞ்சம் குறைஞ்சாலும் வெளிய தெரிஞ்சிரும். சாயங்காலம் ஆனா இமை தொங்குறது, பொருள் ரெட்டையாத் தெரியிறது, சாப்பாட்டை மென்னுக்கிட்டு இருக்கும்போதே தாடை ஓய்ஞ்சு போறது இருந்தா, பீட்டா பிளாக்கர் தொடங்குறதுக்கு முன்னாடியே பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுல காட்டிருங்க. கண் அழுத்தத்துக்குப் போடுற டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான், மூக்கு வழியா ரத்தத்துக்குப் போயிரும். மயஸ்தீனியா, ஆஸ்துமா ரெண்டுல எது இருந்தாலும் சொட்டு எழுதுற கண் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க.