13 பதக்கம்னு கணக்கு போடாதீங்க: யூத் ஒலிம்பிக்ஸ்ல இந்திய அணி

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

யூத் ஒலிம்பிக்ஸ், 2026 அக்டோபர் 31ல இருந்து நவம்பர் 13 வரைக்கும், செனகல் நாட்டுல டக்கார். ஒலிம்பிக் பேர்ல ஒரு போட்டி ஆப்பிரிக்கா மண்ணுல நடக்கறது இதுதான் முதல் தடவை. இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே நம்பரைத்தான் பிடிச்சுக்கறாங்க. 13. 2018ல பியூனஸ் அயர்ஸ்ல நம்ம அணி எடுத்தது 3 தங்கம், 9 வெள்ளி, 1 வெண்கலம். "டக்கார்ல 13ஐத் தாண்டுவோமா?" இதான் கேள்வி. நான் சொல்றது, இந்தக் கேள்வியே சரியில்லை. அந்த 13ஐ உடைச்சுப் பார்த்தா ஏன்னு புரியும்.

தங்கம் மூணும் யாரு? 62 கிலோ பளுதூக்குதல்ல ஜெரமி லால்ரின்னுங்கா. ஸ்நாட்ச் 124, கிளீன் அண்ட் ஜெர்க் 150, மொத்தம் 274 கிலோ. மத்த ரெண்டும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பெண்கள்ல மனு பாக்கர், ஆண்கள்ல சௌரப் சௌத்ரி. ஏர் ரைஃபிள்ல துஷார் மானேவும் மெஹுலி கோஷும் ஆளுக்கொரு வெள்ளி. கவனிங்க, துப்பாக்கி சுடுதலுக்கு நாம அனுப்புனது நாலே பேர், நாலு பேரும் பதக்கத்தோட வந்தாங்க. பக்கத்துக்கு அஞ்சு பேர் ஆடற ஹாக்கி ஃபைவ்ஸ்ல பசங்க ஃபைனல்ல மலேசியாகிட்ட 2-4, பொண்ணுங்க அர்ஜென்டினாகிட்ட 1-3. ரெண்டு வெள்ளி.

துப்பாக்கி 4, பளுதூக்குதல் 1, ஹாக்கி 2. மொத்தம் 7. இந்த மூணு விளையாட்டுக்கும் டக்கார்ல பதக்கமே கிடையாது.

ஆமாங்க. டக்கார்ல மொத்தம் 35 விளையாட்டு. அதுல 25க்குத்தான் பதக்கம். மீதி 10 "என்கேஜ்மென்ட்" விளையாட்டு, அதாவது அந்த ஊர் ஜனங்களும் பசங்களும் வந்து தொட்டுப் பார்க்க, கத்துக்க, செஞ்சு காட்ட. நம்ம துப்பாக்கி, பளு, ஹாக்கி மூணும் இந்தப் பத்துக்குள்ள போயிடுச்சு. டென்னிஸும் அங்கதான், கோல்ஃபும் அங்கதான். ஆக, 2018ல எடுத்த தங்கம் மூணுமே, அதே பசங்க அதே ஃபார்ம்ல திரும்பி வந்தாலும், இந்தத் தடவை எடுக்க வழியில்லை. பதக்கம் குறைஞ்சா மறுநாள் காலையில "இந்தியா ஏமாற்றம்"னு தலைப்பு வரும். அப்ப இந்த வீடியோவை யாருக்காவது அனுப்பி விடுங்க.

சரி, மீதி 6 என்ன? பேட்மின்டன்ல லக்ஷ்யா சென் வெள்ளி, ஜூடோ 44 கிலோல தபாபி தேவி வெள்ளி, வில்வித்தைல ஆகாஷ் மாலிக் வெள்ளி, மல்யுத்தம் 43 கிலோல சிம்ரன் வெள்ளி, நடைப்போட்டில சூரஜ் பன்வார் வெள்ளி, அப்புறம் நம்ம ஊர்ப் பையன் பிரவீன் சித்ரவேல், மும்முறைத் தாண்டுதல்ல வெண்கலம். இதுல மல்யுத்தம் டக்கார்ல இருக்கு, ஆனா மேட்ல (விரிப்புல) இல்ல, மணல்ல. பீச் ரெஸ்லிங்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். நம்ம மல்யுத்தப் பசங்களோட பலம் பாதி தரையிலதான் இருக்கு. எதிராளியைக் கீழ போட்டு, காலைப் பூட்டி, உருட்டி உருட்டி பாயின்ட் எடுக்கறது. பீச்சுல அந்தக் கதையே இல்ல. 7 மீட்டர் விட்டத்துல மணல் வட்டம், ஒரே ரவுண்டு, 3 நிமிஷம், முதல்ல 3 பாயின்ட் எடுத்தவங்க ஜெயிச்சாங்க. எல்லாம் நின்னபடிதான். கீழ விழுந்துட்டா பாயின்ட் போயிடும், எழுந்து மறுபடி தொடங்கணும். வட்டத்துக்கு வெளிய தள்ளுனாலும் பாயின்ட். மேட்ல காலை ஊன்றி எடுக்கற வேகம் மணல்ல வராது, கால் உள்ள இறங்கிடும். தூரத்துல இருந்து காலுக்குப் பாயற ஆளு பாதி வழியிலேயே முகம் மணல்ல பட்டு நிப்பாரு. கையால கழுத்தையும் தோளையும் பிடிச்சு, எதிராளியோட நிலையைக் கலைச்சு, விளிம்புக்குத் தள்ளிட்டுப் போற ஆளுதான் இங்க ராஜா. அதனால மேட்ல நடத்துன தேர்வுல முதல் வந்தவரை அப்படியே அனுப்புனா சரிப்படாது. தேர்வையே மணல்ல வைக்கணும்.

புதுசா உள்ள வர்றதுல சீனத் தற்காப்புக் கலையான வுஷூ இருக்கு, பேஸ்பால் ஃபைவ் இருக்கு. வுஷூவுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு. பேஸ்பால் ஃபைவ் பத்தி இப்போதைக்கு விட்டுடலாம்.

இன்னொரு விஷயம் வயசு. டக்கார் போட்டி உண்மையில 2022ல நடந்திருக்க வேண்டியது. கொரோனா வந்து 2026க்குத் தள்ளிட்டாங்க. அதாவது 2018க்கு அப்புறம் எட்டு வருஷம் கோடைக்கால யூத் ஒலிம்பிக்ஸே இல்ல. 2018ல வயசு விதி என்னன்னா, 2000 ஜனவரி 1க்கும் 2003 டிசம்பர் 31க்கும் நடுவுல பிறந்திருக்கணும். டக்கார்ல 17 வயசு வரைக்கும்தான். நடுவுல 2004ல இருந்து 2008 வரைக்கும் பிறந்த ஒரு கூட்டத்துக்கே இந்த மேடை கிடைக்காமப் போச்சு. ஒருத்தரும் தப்பு பண்ணல, காலண்டர் பண்ணுன வேலை.

வயசுன்னதும் எக்ஸ்ரே ஞாபகம் வரும். வயசைச் சரிபார்க்க இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்குன்னு பார்க்கற முறைக்கு டி.டபிள்யூ.3ன்னு பேரு. அது வயசைச் சொல்லாது, எலும்போட முதிர்ச்சியைச் சொல்லும். சீக்கிரம் வளர்ந்த பையனுக்கு கூடுதலா காட்டும், மெதுவா வளர்ற பையனுக்கு குறைச்சலா காட்டும். அதனால பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பதிவு, பாஸ்போர்ட், ஆதார் நாலுலயும் ஒரே தேதி, ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கான்னு முன்னாடியே பார்த்துடணும். நம்ம ஊர்ல அப்பா பேர் இனிஷியலா ஒண்ணுல, முழுசா இன்னொண்ணுல இருக்கறது ரொம்ப சகஜம். போட்டிக்கான அடையாள அட்டை பாஸ்போர்ட்ல உள்ள பேர்லதான் வரும். கடைசி வாரத்துல திருத்த முடியாது.

அடுத்து, ஏன் அணி இவ்வளவு சின்னதா இருக்குன்னு கேக்கறாங்க. 2018ல நம்ம வீரர்கள் 46 பேர். அதுல 18 பேர் ஹாக்கி மட்டும், 9 பசங்க 9 பொண்ணுங்க. தடகளத்துல ஒரு நாட்டுக்கு ஒரு போட்டிக்கு ஒரே ஆள்தான். நம்மகிட்ட உலகத் தரத்துல மூணு பேர் இருந்தாலும் ரெண்டு பேர் வீட்லதான். ஆனா இதுல நமக்கு லாபமும் இருக்கு. நீண்ட தூர ஓட்டத்துல கென்யாவுல இருந்தும் ஒருத்தர்தான், எத்தியோப்பியாவுல இருந்தும் ஒருத்தர்தான். பெரிய நாடுகளோட ரெண்டாவது, மூணாவது ஆள் வரமாட்டாங்க. பல விளையாட்டுல இடம் நாட்டுக்குத்தான், பேருக்கு இல்ல. தகுதிச் சுற்றுல போய் இடத்தை வாங்கிட்டு வந்தவரே போகணும்னு கட்டாயம் கிடையாது, சங்கம் தேர்வு வெச்சு வேற ஆளை அனுப்பலாம். சண்டை, கோர்ட்டு எல்லாம் இங்கதான் தொடங்குது. தேர்வு தேதியையும் விதியையும் முன்கூட்டியே எழுத்துல போட்டுட்டா பாதிப் பிரச்சனை ஓய்ஞ்சுடும்.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. முடிவை எப்படி வாசிக்கறது?

பியூனஸ் அயர்ஸ் தடகளத்துல ஃபைனல்னு ஒண்ணு இல்லவே இல்ல. எல்லாரும் ரெண்டு தடவை போட்டி போட்டாங்க, ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ரெண்டையும் கூட்டித்தான் பதக்கம். பிரவீன் முதல் ஸ்டேஜ்ல 15.84 மீட்டர், ரெண்டாவதுல 15.68. கூட்டுனா 31.52. வெண்கலம். ரெண்டாவது நாள் மட்டும் பார்த்தவங்களுக்கு அவர் மூணாவது இடத்துல இல்ல. "எப்படி பதக்கம்?"னு குழம்பிட்டாங்க. முதல் நாள் தாண்டுனது காப்பாத்துச்சு.

சூரஜ் கதை இதுக்கு நேர் எதிர். 5000 மீட்டர் நடை. ஸ்டேஜ் 1ல 20 நிமிஷம் 23.30 விநாடி, ரெண்டாவது இடம். ஸ்டேஜ் 2ல 20 நிமிஷம் 35.87 விநாடி, முதல் இடம்! கோட்டை முதல்ல தாண்டுனது அவர்தான். ஆனா ஈக்வடார் பையன் ஆஸ்கர் பாட்டின் முதல் நாள் 20:13.69, ரெண்டாவது நாள் 20:38.17. கூட்டினா அவருக்கு 40:51.86, சூரஜுக்கு 40:59.17. ஏழு விநாடியும் சில்லறையும். தங்கம் ஈக்வடாருக்கு. இந்த முறையில ரெண்டாவது நாள் முன்னால போறவரை ஒட்டிக்கிட்டு நடந்தாலே எதிராளிக்குப் போதும், முந்தணும்னு அவசியமே இல்ல. சூரஜ் அன்னைக்கு ஜெயிச்சா பத்தாது, பத்து விநாடியாவது பிரிஞ்சு போயிருக்கணும். முடிஞ்ச வேகத்துல நடந்தா ரெண்டு காலும் தரையில இல்லாதது நடுவர் கண்ணுல படும், சிவப்பு அட்டை விழும். அதனால பயிற்சியாளர் முதல் நாளே சொல்லணும்: இன்னைக்கு ஒவ்வொரு விநாடியும் நாளைக்கும் கணக்கு. டக்கார்ல எந்த முறை வெச்சாலும், விதிப் புத்தகத்துல முதல்ல பார்க்க வேண்டிய வரி இதுதான்.

அப்புறம் கலப்பு அணி. இது யூத் ஒலிம்பிக்ஸ்ல மட்டும் வர்ற அழகான குழப்பம். வேற வேற நாட்டுப் பசங்களைச் சேர்த்து ஒரு அணி. மனு பாக்கர் தஜிகிஸ்தான் பையன் பெக்ஜான் ஃபைசுல்லாயெவோட சேர்ந்து வெள்ளி வாங்குனாங்க. பேட்மின்டன்ல ஆல்பா, பீட்டான்னு கிரேக்க எழுத்துல அணிங்க, லக்ஷ்யா இருந்த ஆல்பா ஃபைனல்ல ஒமேகாவை 110-106ல முடிச்சுது. லக்ஷ்யா கழுத்துல தங்கம். ஆனா இது ரெண்டும் அந்த 13ல கிடையாது. இந்தப் பதக்கம் எந்த நாட்டுக் கணக்குலயும் ஏறாது, தனிக் கணக்கு. சில பேர் 15ன்னு எழுதறாங்களே, அது இதையும் சேர்த்துட்டதால.

சரி, இப்ப பயணம். செனகல் மஞ்சள் காய்ச்சல் வர்ற நாடு. இந்தியா இதுல ரொம்பக் கறார். அங்கருந்து திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லன்னா ஏர்போர்ட்ல இருந்தே தனிமைப்படுத்த அழைச்சுட்டுப் போயிடுவாங்க, ஆறு நாள் வரைக்கும். ஊசி போட்ட பத்தாவது நாள்ல இருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் போடமாட்டாங்க, அனுமதி உள்ள மையம் மட்டும்தான். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். முட்டை கடுமையா ஒத்துக்காதவங்க முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடணும். ஊசிக்குப் பிறகு சில நாள்ல காய்ச்சல், உடம்பு வலி வர வாய்ப்பிருக்கு. அதனால தகுதிச் சுற்று வாரத்துலயோ கிளம்பறதுக்கு முந்தின வாரத்துலயோ போடாதீங்க. ரெண்டு மாசம் முன்னாடி முடிச்சுட்டா நிம்மதி. மலேரியாவும் உண்டு, மாத்திரையை அணி டாக்டர் சொல்ற மாதிரி.

மாத்திரைன்னதும் இருமல் மருந்து. இது முக்கியம், பெத்தவங்க கேளுங்க. நம்ம மெடிக்கல் ஷாப்புல கிடைக்கற இருமல் சிரப் பலதுல டெர்பியூட்டலின் இருக்கும், சிலதுல சல்பூட்டமால். ஊக்கமருந்து விதிப்படி டெர்பியூட்டலின் எந்நேரமும் தடை. சல்பூட்டமால் இன்ஹேலர்ல ஒரு அளவு வரைக்கும் அனுமதி, சிரப்பா குடிச்சா தடை. "குழந்தைக்குக் கொடுக்கற மருந்துதானே"ன்னு நினைக்காதீங்க, சோதனைக்கு அது தெரியாது. பாட்டில் பின்னாடி சின்ன எழுத்துல உள்ள பேரை வாசிங்க, பிராண்டு பேரை இல்ல. ஆஸ்துமா மாதிரி நிஜமாவே மருந்து தேவைப்படறவங்க சிகிச்சைக்கான விலக்குக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி விண்ணப்பிக்கணும். 18 வயசு ஆகாதவங்க சோதனைக்கு சாம்பிள் கொடுக்கப் போறப்ப கூட ஒரு பெரியவர் இருக்கலாம். வெக்கப்படாம கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

நேரக் கணக்கு. டக்கார் நம்மைவிட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. மேற்கு நோக்கிப் போறது கிழக்கு நோக்கிப் போறதை விட உடம்புக்குக் கொஞ்சம் சுலபம், ஆனாலும் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள்னு வெச்சுக்கிட்டா போட்டிக்கு அஞ்சாறு நாள் முன்னாடி போய் இறங்கணும். முதல் ரெண்டு நாள் பசங்க சாயங்காலம் ஆறு மணிக்கே தூங்கி வழிவாங்க, விடியக்காலை ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்திருப்பாங்க. மதியம் தூங்க விடாம, சாயங்காலம் வெளிச்சத்துல நடக்க வெச்சாலே சரியாகும்.

வீட்ல இருந்து பார்க்கற நமக்கும் அதே கணக்குதான். அங்க காலை 10ன்னா நமக்கு மதியம் 3.30, வசதி. அங்க ராத்திரி 8 மணி ஃபைனல்னா நமக்கு 1.30. அலாரம் வெச்சுக்கோங்க, தேதி மாறியிருக்கும், அதையும் பார்த்து வைங்க.