மின் சூப்பர்சார்ஜர் மாட்டினால் இழுவை கூடுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏர் ஃபில்டர் குழாயில் செருகிக்கொள்ளும் சின்ன மின்விசிறி ஒன்று ‘எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்’ என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கிறது. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தால் போதும், பிக்கப் கூடும், மைலேஜும் ஏறும் என்கிறார்கள். பழைய கார் வைத்திருப்பவருக்கும், நெல் மூட்டை ஏற்றும் சிறு சரக்கு வண்டிக்காரருக்கும் ஆசை வரத்தான் செய்யும். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சினுக்குப் பெரும் தீனி காற்றுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். 1,200 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 60 லிட்டர் வரை உறிஞ்சும். சூப்பர்சார்ஜர் என்றால் அதற்கும் மேலே காற்றை அழுத்தித் திணிக்க வேண்டும். வெளிக்காற்றைவிட 30 சதவீதம் அழுத்தம் கூட்ட 3 கிலோவாட்டுக்கு மேல் சக்தி செலவாகும். 12 வோல்ட் பேட்டரியில் அது 250 ஆம்பியரைத் தாண்டும். சின்ன காரின் ஆல்டர்னேட்டர் கொடுப்பதோ 60 முதல் 90 ஆம்பியர். அதிலும் ஹெட்லைட், ஏ.சி. விசிறி எல்லாம் பங்கு கேட்கும்.

இந்த மலிவு விசிறிகள் இழுக்கும் மின்சாரம் மூன்று, நான்கு ஆம்பியர். அதாவது சுமார் 50 வாட். அந்த 50 வாட்டும் கொஞ்சம்கூட வீணாகாமல் அழுத்தமாக மாறினாலும் 8 மில்லிபார்தான் கிடைக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 1,013 மில்லிபார். ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. கல்லணையில் பாயும் தண்ணீரை இறைகூடை போட்டு வேகப்படுத்த முடியாது.

அப்படியானால் மின் சூப்பர்சார்ஜரே பொய்யா? இல்லை. 2016-இல் வந்த ஆடி (Audi) கம்பெனியின் எஸ்க்யூ7 டீசல் காரில் உண்மையான மின் கம்ப்ரெசர் இருக்கிறது. அது 7 கிலோவாட் வரை எடுக்கும், நிமிடத்துக்கு 70,000 சுற்று சுற்றும். அதற்காகவே தனியாக 48 வோல்ட் மின்னமைப்பு வைத்தார்கள். அதுவும் டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுற்றிக் காற்றைத் திணிக்கும் கருவி, வேகம் பிடிக்கும் வரை, சில நொடிகளுக்கு மட்டும். 12 வோல்ட் காரில் குழாய்க்குள் சொருகும் பிளாஸ்டிக் விசிறிக்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது.

பலன் இல்லை என்பதோடு போனாலும் பரவாயில்லை, கெடுதலும் உண்டு. முழு ஆக்ஸிலேட்டரில் விசிறி தள்ளுவதைவிட எஞ்சின் உறிஞ்சுவது அதிகம். அப்போது விசிறியே வழியை அடைக்கும் தடையாகிவிடும். ஃபில்டருக்குப் பின்னால் மாட்டி, இறக்கை ஒன்று உடைந்தால் அது நேரே திராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) பக்கம் போகும்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) உள்ள பெட்ரோல் காரில், டர்போ இல்லாத எஞ்சினாக இருந்தால், டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ஒரு சாதாரண ஸ்கேனரைப் பொருத்துங்கள். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். நம் காவிரி டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய பூமி என்பதால் 100 கிலோபாஸ்கல், அதாவது 1,000 மில்லிபார் அளவில் காட்டும். பிறகு மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். சாதாரணமாக அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். விசிறி உண்மையில் காற்றைத் திணித்தால் எண் முதலில் காட்டியதைத் தாண்டி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அங்கே அழுத்தம் இல்லை.

இனி அந்தப் பணத்தை எதில் போடலாம்? முதலில் ஏர் ஃபில்டர். தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் ஓடும்போது பறக்கும் வைக்கோல் தூசும் பதரும் பேப்பர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். அறுவடை முடிந்ததும் கழற்றி, உள்ளே பல்பு பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். ஊதிச் சுத்தம் செய்வதானால் காற்றை உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் விட வேண்டும். தரையில் தட்டினால் பேப்பர் கிழிந்து, தூசு உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். டிராக்டரின் ஆயில் பாத் ஃபில்டரில் கோட்டளவுக்கு மட்டும் ஆயில் ஊற்றுங்கள். கூடினால் எஞ்சின் அதையே உறிஞ்சும்.

ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு பானெட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். சத்தம் கூடும், சக்தி குறையும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி இருக்க, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். காற்றின் அடர்த்தியில் 7 சதவீதம் போய்விடுகிறது. குளிர்காற்றுக்காகக் குழாயைக் கீழே பம்பருக்கு இறக்குவது இன்னும் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவாரூர், நாகை பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது ஒரு மடக்கு சிலிண்டருக்குள் போனாலும் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்பெனி வைத்த உயரத்திலேயே குழாய் இருக்கட்டும்.

வண்டி முன்போல் இழுக்கவில்லை என்றால், போன சக்தியைத் தேடிப் பிடிப்பதுதான் மலிவான மேம்பாடு. சூடான எஞ்சினில் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றதைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். நான்காம் கியரில் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ டீசல் என்றால் இன்டர்கூலர் (டர்போ திணிக்கும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் மீது சோப்புத் தண்ணீர் தெளித்து ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். நுரை எழும்பும் இடத்தில் காற்று கசிகிறது. பல சமயம் ஒரு கிளிப்பை இறுக்கினாலே இழுவை திரும்பிவிடும்.

டர்போ டீசலில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை ரீமேப் செய்தால், அதாவது அதன் அமைப்பை மாற்றினால், சக்தி நிஜமாகவே கூடும். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சினில் கிடைப்பது சொற்பம். ஆனால் கிளட்சும் கியர் பாக்ஸும் தாங்க வேண்டும். ஆர்.சி. புத்தக விவரத்தை மாற்றும் எந்த வேலையையும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரண்டியும் இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஆளில்லாத நேரான சாலையில், ஒரே பாரத்தோடு, மூன்றாம் கியரில் 30-லிருந்து 60 கிலோமீட்டர் வேகம் வர எத்தனை நொடி என்று உடன் வருபவர் குறித்துக்கொள்ளட்டும். ஆடிக்காற்று வீசும் நாளில் இரு திசையிலும் ஓட்டி சராசரி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே விசிறி மாட்டியிருப்பவர்கள் அதைக் கழற்றும்போது இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் குழாயையும் திராட்டிலையும் பிரித்துத் தேடுங்கள். பேட்டரியிலிருந்து இழுத்த ஒயரையும் விட்டுவைக்காமல் அடியோடு எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் இல்லாத ஒயர் பாடியில் உரசினால் தீப்பிடிக்கும். வணக்கம்.