இருமுறை வீசிய வலை

(பழைய வண்ணாரப்பேட்டை வாசகசாலை ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்திருக்கும் என் பழைய மாணவர்களே, வணக்கம்.

சந்திரசேகர் என்றதும் நோபல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் பலருக்கு நினைவுக்கு வருவார். சிலருக்கு, 1967இல் மத்திய சுகாதார அமைச்சரான ஸ்ரீபதி சந்திரசேகர் நினைவுக்கு வரலாம். அவரும் மக்கள்தொகை அறிஞரே. நான் பேச வந்தது மூன்றாமவரைப் பற்றி. அவர் சி. சந்திரசேகரன். எண்ணிக்கையில் விடுபட்டவர்களை எண்ணுவதற்கு வழி சொன்னவர். நம் பகுதியில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கல்கத்தாவிலிருந்த அகில இந்திய சுகாதார ஆய்வுக் கழகத்தில் அவர் பணியாற்றினார். அருகில், ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில், பிறப்பு இறப்புகளுக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று பதிவாளர் எழுதியது. மற்றது வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. வேறொருவராக இருந்தால் எது சரி, எது தவறு என்று வழக்காடியிருப்பார். சந்திரசேகரன், அந்த வேறுபாட்டுக்குள்ளேயே விடை இருக்கிறது என்று கண்டார். எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1949இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்துப் பின்னாளில் புகழ்பெற்றாரே, அதே டெமிங்தான்.

கடலோரத்து மக்களுக்கு இந்த முறையை விளக்குவது எளிது. புழல் ஏரியில் எத்தனை மீன்கள்? 100 மீன்களைப் பிடித்து, அடையாளம் இட்டு, விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து மறுபடி வலை வீசுங்கள். கிடைத்த 60 மீன்களில் 12 அடையாளம் உள்ளவை என்றால், ஐந்தில் ஒரு மீனுக்கு அடையாளம் இருக்கிறது. ஆகவே ஏரியில் சுமார் 500 மீன்கள்.

மீனுக்குப் பதில் குழந்தைப் பிறப்பை வையுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவை 80, பதிவாளரிடம் மட்டும் இருப்பவை 20, வீடு வீடாகக் கேட்டதில் மட்டும் கிடைத்தவை 40 என்று வைத்துக்கொள்வோம். வீடு வீடாகக் கேட்டதில் கிடைத்த 120இல் 80, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, பதிவாளரிடமும் உண்டு. ஆகவே பதிவாளரிடம் உள்ள 100 மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு; மொத்தம் 150. இரண்டு பட்டியல்களிலும் சேர்த்து இருப்பவை 140. மீதி 10. இருவர் கண்ணிலும் படாத பிறப்புகள் அவை.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவர் கண்ணில் படாதது மற்றவர் கண்ணிலும் படாமல் போவதற்குத் தனிக் காரணம் இருக்கக் கூடாது. வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை. பிறந்த சில நாளில் இறந்த குழந்தையைப் பதிவாளரிடமும் யாரும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து கேட்பவரிடமும் சொல்வதில்லை. அப்போது 10 என்று வரும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். இதைச் சந்திரசேகரனும் டெமிங்கும் மறைக்கவில்லை. மக்களைச் சிறு சிறு பிரிவுகளாக்கித் தனித்தனியே கணக்கிட்டால் பிழை குறையும் என்று அதே கட்டுரையில் வழியும் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு மதிப்புக் கூடியது அந்த இடத்தில்தான்.

2011 பிப்ரவரி 28 இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடற்றவர்களை எண்ண வால்டாக்ஸ் சாலை நடைபாதைக்கு நான் போனேன். படிவத்தில் பெண்களிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் உண்டு: உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. ஒரு தாய் "இரண்டு" என்றாள். இரண்டாம் முறை நிதானமாகக் கேட்டபோது "மூன்று" என்றாள். தை மாதம் பிறந்த குழந்தை நான்காம் நாள் போய்விட்டதாம். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. அன்றிரவு நான் எழுதிய 3, 2 என்ற இரு எண்களுக்கு இடையில் மட்டுமே இருந்தது. அதன் பிறகுதான் சிங்கூர்க் கட்டுரையைத் தேடிப் படித்தேன்.

சந்திரசேகரன் பின்னர் ஐக்கிய நாடுகள் அவையும் இந்திய அரசும் இணைந்து நடத்திய மைசூர் மக்கள்தொகை ஆய்வில் பங்காற்றினார். மும்பை மக்கள்தொகைப் பயிற்சி ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தார். தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் பிறப்பு இறப்புகளை எண்ணும் நம் நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்டமும் இரட்டைப் பதிவு முறையில்தான் நடக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் தொடர்ந்து எழுதி வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து எழுதுகிறார். பொருந்தாதவற்றைத் தேடிப் போய்ச் சரிபார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் சிசு மரணம் குறைந்தது என்று நாம் பெருமையோடு சொல்லும் எண் இந்த உழைப்பிலிருந்து வருவது.

2011 கணக்கெடுப்பு முடிந்ததும் சில பகுதிகளில் மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தது தெரிந்தது. அடுத்த கணக்கெடுப்புக்குப் பிறகும் உங்கள் தெருவுக்கு இரண்டாவதாக ஒருவர் வரக்கூடும். "போன மாதமே சொல்லிவிட்டோம், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் வந்தவருக்கு என்ன சொன்னோம் என்று யோசிக்கவும் வேண்டாம். கேள்வியை முதல்முறை கேட்பதுபோலக் கேட்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை, மாடிப்படிக்குக் கீழே படுக்கும் தம்பி உட்பட, எல்லோரையும் மறுபடி சொல்லுங்கள்.