ஸ்பானிஷில் எந்தக் ‘கேள்’?

[திரையில்: மாட்ரித் நகரில் ஒரு காலை நேர பார். கவுன்ட்டருக்கு முன்னால் ஒருவர்.]

காப்பி கேட்க வேண்டும். அகராதியில் ‘கேள்’ என்று தேடினால் முதலில் கிடைப்பது ‘பிரெகுன்தார்’. அதை வைத்து ‘பிரெகுன்தோ உன் கஃபே’ என்று சொன்னால், கடைக்காரர் ஒரு நொடி முழிப்பார். அப்புறம் காப்பி வந்துவிடும், கவலை வேண்டாம். ஆனால் நீங்கள் காப்பி கேட்கவில்லை, எதையோ விசாரித்திருக்கிறீர்கள்.

தமிழில் கடைக்காரரிடம் விலை கேட்கிறோம், நண்பனிடம் கடன் கேட்கிறோம், ராத்திரி பாட்டு கேட்கிறோம், பக்கத்து வீட்டுச் சண்டையும் கேட்கிறது. நான்குக்கும் ஒரே சொல். ஸ்பானிஷில் இவை நான்கு தனித்தனி வினைச்சொற்கள்.

[திரையில்: பிரெகுன்தார், பெதீர், எஸ்குச்சார், ஓயீர்]

முதல் இரண்டில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் அங்கேயே கொஞ்சம் நிற்போம். வாயைத் திறப்பதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: எதிரில் இருப்பவரிடமிருந்து உங்களுக்கு என்ன வர வேண்டும்? பதில் மட்டும் போதுமென்றால் பிரெகுன்தார். மணி என்ன, விலை என்ன, ஸ்டேஷன் எந்தப் பக்கம், எல்லாம் இதில் அடங்கும். ஒரு பொருள் கைக்கு வர வேண்டும், அல்லது அவர் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் பெதீர். தண்ணீர் கேட்பது பெதீர். உதவி கேட்பது ‘பெதீர் ஆயூதா’. சாப்பிட்டு முடித்து பில் கேட்பது ‘பெதீர் லா க்வென்தா’. மன்னிப்பும் அனுமதியும்கூட இன்னொருவர் கொடுக்க வேண்டியவைதானே? அதனால் ‘பெதீர் பெர்தோன்’, ‘பெதீர் பெர்மீஸோ’. இரவல் கேட்டால் ‘பெதீர் ப்ரெஸ்தாதோ’.

பெதீரில் வரும் ‘த’வை ‘அது’ என்னும்போது சொல்வதுபோல மென்மையாகச் சொல்லுங்கள். நிகழ்காலத்தில் இந்தச் சொல் உருமாறும்: பீதோ, பீதெஸ், பீதே. பிரெகுன்தார் சமர்த்து, உருமாறாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘உங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா?’ என்பதற்கு பிரெகுன்தாரா, பெதீரா? இரண்டும் இல்லை. ஸ்பானிஷ்காரர்கள் கேள்வியைச் ‘செய்வார்கள்’: ‘தே புவேதோ அஸேர் ஊனா பிரெகுன்தா?’ இன்னொன்று, பிரெகுன்தாருக்குப் பின்னால் ‘போர்’ வந்து ஓர் ஆளின் பெயர் வந்தால், அவரைப் பற்றி விசாரிப்பது என்று பொருள். ‘பிரெகுன்தோ போர் தி’ என்று இறந்தகாலத்தில், கடைசி ‘தோ’வை அழுத்திச் சொன்னால், ‘உன்னை விசாரித்தார்’.

[திரையில்: காதில் ஹெட்ஃபோனோடு ஒருவர், பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.]

மீதி இரண்டு காது சம்பந்தப்பட்டவை. காதில் தானாக விழுந்தால் ஓயீர். காது கொடுத்துக் கேட்டால் எஸ்குச்சார். வீட்டுச் சண்டையில் வரும் வாக்கியம் ஒன்று போதும்: ‘மே ஓயெஸ், பெரோ நோ மே எஸ்குச்சாஸ்’. நான் சொல்வது உன் காதில் விழுகிறது, ஆனால் நீ கவனிப்பதில்லை. எந்த ஊர் தம்பதிக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆனால் போனில் லைன் சரியில்லை என்றால்? ஸ்பெயினில் ‘நோ தே ஓய்கோ’ என்பார்கள், நீங்கள் பேசுவது கேட்கவில்லை என்று. லத்தீன் அமெரிக்காவில் அதே இடத்தில் எஸ்குச்சார் சர்வசாதாரணம்: ‘நோ தே எஸ்குச்சோ’. ஸ்பெயின்காரர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் 2005இல் வெளிவந்த, ஸ்பானிஷ் மொழி அகாதெமிகளின் ஐயம் தீர்க்கும் அகராதியே இந்த வழக்கு பழங்காலம் முதல் இருப்பதுதான், தவறென்று ஒதுக்க வேண்டியதில்லை என்கிறது. ஆகவே மெக்சிகோ நண்பரைத் திருத்தக் கிளம்பாதீர்கள்.

அடுத்து, தமிழர்களுக்கென்றே வைத்ததுபோல ஒரு பொறி: போவதும் வருவதும்.

[திரையில்: கதவைத் தட்டும் கை.]

கதவு தட்டப்படுகிறது. உள்ளேயிருந்து நாம் ‘இதோ வர்றேன்’ என்போம். ஸ்பானிஷில் அங்கே ‘வருகிறேன்’ கிடையாது. ‘யா போய்’ என்று ‘போகிறேன்’தான். எழுதும்போது வி என்ற எழுத்தில் தொடங்கினாலும் உச்சரிப்பில் பி ஒலிதான், அதனால் நம் ‘போய்’ மாதிரியே காதில் விழும். பொருளும் அதுவே என்பதால் மறக்கவே மறக்காது.

காரணம் எளிது. ஸ்பானிஷில் ‘வெனீர்’, அதாவது வருதல், பேசுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி மட்டுமே. உச்சரிப்பு ‘பெனீர்’. நான் நிற்கும் இடத்திலிருந்து கதவை நோக்கி நகர்ந்தால் அது போவதுதான்; கதவுக்கு வெளியே நிற்பவர் பார்வை கணக்கில் வராது. விருந்துக்குக் கூப்பிடுகிறவர் போனில் ‘பியெனெஸ்?’, வருகிறாயா என்று கேட்பார். நீங்கள் ‘ஸீ, போய்’ என்று பதில் சொல்ல வேண்டும். அவர் சொன்ன வினையையே திருப்பிச் சொல்லத்தான் நாக்கு துடிக்கும், அடக்குங்கள்.

சரி, கதவு தட்டியவரிடம் ‘வருகிறேன்’ என்று நினைத்து ‘யா பெங்கோ’ என்றால் என்ன ஆகும்? நம் ‘போயிட்டு வந்துடறேன்’ ஆகிவிடும். எங்கோ கிளம்புகிறீர்கள், திரும்பி வருவீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். ஒரு ஆறுதல்: பார்சிலோனா பக்கம் பேசும் கத்தலான் மொழியிலும் இந்த இடத்தில் தமிழைப் போல ‘வருகிறேன்’தான். அதனால் பார்சிலோனாவில் சிலர் ஸ்பானிஷிலும் அப்படியே பேசிவிடுவதுண்டு.

கொண்டு போவது, கொண்டு வருவதற்கும் இதே கணக்கு. நண்பர் வீட்டு விருந்துக்கு முன் போனில் ‘ஏதாவது கொண்டு வரட்டுமா?’ என்று கேட்கிறோமே, அது ‘யேபோ அல்கோ?’, அதாவது ‘கொண்டு போகட்டுமா?’. ‘ட்ராய்கோ அல்கோ?’, அதாவது ‘கொண்டு வரட்டுமா?’ என்றே கேட்டால், நீங்கள் ஏற்கெனவே அவர் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று ஆகிவிடும்.

‘தெரியும்’ விஷயத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். தகவலும் திறமையும் ‘ஸபேர்’. ஆளும் ஊரும் ‘கொனோஸேர்’. நீந்தத் தெரியும் என்பதற்கு ‘ஸே நதார்’ என்று நம் பாணியிலேயே சொல்லலாம். லீமா நகரம் எனக்குத் தெரியும் என்றால், அங்கே போயிருக்கிறேன் என்ற அர்த்தத்தில் ‘கொனோஸ்கோ லீமா’.

கடைசியாக, பஸ் பிடிப்பது. ஸ்பெயினில் ‘கொஹேர் எல் ஆட்டோபூஸ்’ அன்றாடப் பேச்சு. அதே ‘கொஹேர்’ மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் படு கொச்சையான வார்த்தை. குழந்தைகள் கேட்கும் வீடியோவில் அர்த்தம் சொல்ல முடியாது. ‘தோமார்’ என்று பழகிக்கொள்ளுங்கள். ஸ்பெயினிலும் அது தாராளமாகப் புரியும்.