மொட்டைமாடி வெயிலில் ஒரு ஸ்கிரீன்

[காட்சி: மஞ்சள் துணிப்பை. அதில் நீல மையில் ஒரு புள்ளிக்கோலம்.]

கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை உங்கள் வீட்டிலும் நாலைந்து கிடக்கும். பெண் பேர், மாப்பிள்ளை பேர், மண்டபம், தேதி. அந்த எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்ததுதான். பட்டறையில் ஸ்கிரீன் தயாரிக்கப் புற ஊதா விளக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். நமக்கு வெயில் போதும்.

விஷயம் இவ்வளவுதான். மரச்சட்டத்தில் பாலியஸ்டர் மெஷ்ஷை, அதாவது சல்லடை மாதிரியான வலைத்துணியை, விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன்மேல் எமல்ஷன் என்ற பசை மாதிரியான பூச்சைப் பூசுகிறோம். இதுதான் ஸ்கிரீன். வெளிச்சம் பட்ட இடத்தில் எமல்ஷன் இறுகிவிடும், தண்ணீருக்குக் கரையாது. படாத இடம் கழுவினால் போய்விடும். கறுப்புக் கோலத்தை மேலே வைத்து வெயில் காட்டினால், அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் திறக்கும். மை அந்த வழியாகத் துணியில் இறங்கும்.

துணிக்கு, சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ் கேளுங்கள். எமல்ஷனில் பைக்ரோமேட் கலக்கிற வகை மலிவு. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் குரோமியக் கழிவுதான். கொஞ்சம் காசு கூட ஆனாலும் டயசோ வகையே வாங்குங்கள்.

[காட்சி: மங்கலான மஞ்சள் பல்பு. ஸ்கேல் விளிம்பால் எமல்ஷனை இழுக்கும் கை.]

இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு கோட்டிங். அப்புறம் இருட்டில், ஃபேன் காற்றில் காய வேண்டும். என் முதல் ஸ்கிரீனை ஒரு மூலையில் மட்டும் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கழுவினபோது கோலம், பின்னணி எல்லாம் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிட்டது. உள்ளே ஈரம் இருந்தால் எவ்வளவு வெயிலும் அதை இறுக்காது. சென்னை மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

படத்தை டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் சாதாரணத் தாளில் எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள், தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பில் வெளிச்சம் கசிந்தால் இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள்.

[காட்சி: மாடி. கீழிருந்து மேலாக அடுக்குகிறோம்.]

சட்டத்தின் உள்பள்ளத்தில் கறுப்புத் துணி சுற்றிய ஸ்பான்ஜ். சமதளமான பக்கம் வானத்தைப் பார்த்து ஸ்கிரீன். அதன்மேல் மை பக்கம் கீழே இருக்கும்படி படம். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே கனமான கண்ணாடி. வெயிலுக்குக் காட்டும் நேரம் வரும்வரை எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் போர்வையால் மூடி வையுங்கள்.

இப்போது ஒரு பென்சிலைக் கண்ணாடிமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் விழுகிறதா? நிழல் மறையும்வரை சட்டத்தைச் சாய்த்துக்கொண்டே போங்கள். மறைந்தால் சட்டம் சூரியனுக்கு நேரே இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சாய்க்கவே தேவையிருக்காது. சூரியன் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன, கோலப்புள்ளியின் விளிம்பு கூர்மையாக விழும். டியூப் லைட்டில் இதே படத்தை எடுத்தால் விளிம்பு கொஞ்சம் மங்கும்.

எவ்வளவு நேரம்? எல்லோரும் கேட்பது இதைத்தான். என் எமல்ஷனுக்கு நண்பகலில் 4 நிமிடம் ஆகிறது, ஆனால் அதை வைத்து நீங்கள் தொடங்காதீர்கள். ஒரு சின்ன ஸ்கிரீனில் படத்தை வைத்து, அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒரு பட்டையாக அட்டையை நகர்த்துங்கள். 8 பட்டை போதும். கழுவிப் பார்த்தால் தெரியும். நேரம் போதாத பட்டையில் மெஷ்ஷின் உள்பக்கம் வழவழ என்று இருக்கும், அதிகமானதில் மெல்லிய கோடு திறக்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் நேரம். மேகம் வந்தால் கணக்கு மாறிவிடும், அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கழுவும்போது முதலில் இரண்டு பக்கமும் நனைத்து ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு ஹோஸ் பைப்பால் மென்மையாகத் தெளித்தால் புள்ளி ஒவ்வொன்றாகக் கண் திறக்கிற மாதிரி திறக்கும். அவசரப்பட்டு விரலால் தேய்க்காதீர்கள்.

காய்ந்த பின் ஓரங்களில் பிரவுன் டேப் ஒட்டி, துணிக்கும் மெஷ்ஷுக்கும் நடுவே இரண்டு நாணயத்தின் தடிமன் அளவு இடைவெளி விட்டு, மெஷ்மேல் மையை ஊற்றி, ஸ்குவீஜியை (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. வெயில் காலத்தில் மெஷ்ஷிலேயே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பைகளை முன்கூட்டியே அடுக்கி வைத்துக்கொண்டு, நிற்காமல் அடியுங்கள். கடைசிப் பையை அடித்த கையோடு ஸ்கிரீனைக் குழாயடிக்குக் கொண்டுபோங்கள், டீ அப்புறம் குடிக்கலாம். பைகள் ஒரு நாள் காய்ந்ததும் மேலே துணி போட்டு நன்றாக இஸ்திரி போட்டால், துவைத்தாலும் கோலம் நிற்கும்.