மூன்றாம் ஜோடி

வணக்கம் நேயர்களே. டென்னிஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, இங்கே சிங்கப்பூர் காலாங்கில் நடந்த பெரிய போட்டிகளைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகள், உலகின் முன்னணிப் பெண் விளையாட்டாளர்கள் ஆண்டு முடிவில் மோதிக்கொள்ளும் போட்டி நம் உள்விளையாட்டரங்கில்தான் நடந்தது. 2014ல் செரினா வில்லியம்ஸ் கிண்ணம் வாங்கியபோது கடைசி வரிசைகளில் ஒன்றில் உட்கார்ந்து கைதட்டியவள் நான். ஆனால் அதைப் பேசக் கூப்பிடவில்லை, உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். அப்படிக் கேட்டதில் எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.

செம்பாவாங், ஈசூன் பக்கத்தில் இருக்கும் பதினான்கு பேர் நாங்கள். சொந்தமாகக் கோர்ட் கிடையாது, கட்டடம் கிடையாது, பயிற்றுவிப்பாளரும் கிடையாது. பொதுத் திடலை மணிக்கணக்கில் பதிவு செய்து விளையாடுகிறோம். சிங்கப்பூரில் கிராமம் ஏது என்று கேட்பீர்கள், ஆனால் எங்களில் பாதிப் பேருடைய அப்பாவோ தாத்தாவோ செம்பாவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் கோயிலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுவோம், யார் வீட்டில் யாருக்கு முட்டி வலி என்பது வரைக்கும் தெரியும். அதனால் எனக்கு அது கிராமம்தான்.

இந்தக் கூட்டம் உருவானதற்கு விதை விழுந்தது பிரான்சில். கப்பல் பட்டறையில் வெல்டிங் தரம் பார்க்கும் வேலை எனக்கு. அந்த வேலையாக ஒரு வருடம் நாந்த் நகருக்கு மேற்கே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தேன். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, ஊர் முடியும் இடத்தில் சோளக்காட்டை ஒட்டி இரண்டு டென்னிஸ் கோர்ட், அவ்வளவுதான் ஊர். அந்த இரண்டு கோர்ட்டுக்கு ஒரு கிளப், அந்தக் கிளப்புக்கு ஓர் அணி, அந்த அணிக்கு வசந்த காலத்தில் ஒரு போட்டிப் பருவம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து ஊர் அணி இங்கே வரும், இல்லாவிட்டால் நம் அணி அங்கே போகும். அந்த நாட்டில் போட்டியில் விளையாடுகிற எல்லோருக்கும் ஒரு தர வரிசை உண்டு. புதிதாக வருகிறவர் ‘தரம் பெறாதவர்’, அதற்கு மேல் 40, அப்புறம் 30/5, 30/4 என்று படிப்படியாக ஏற வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் 30/2 என்பது ஊருக்கே தெரியும்! நான் கடைசி வரைக்கும் தரம் பெறாதவள்தான், ஆனாலும் ஆள் குறைந்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் அணி வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னை ஓட ஓட விரட்டிய அம்மா, என் தட்டில் கோழித் துண்டை எடுத்து வைத்ததை எப்படி மறப்பது?

ஊருக்குத் திரும்பியதும் அதையே இங்கே செய்யலாம் என்று தோன்றியது. எங்களைப் போலவே இன்னும் நான்கு கூட்டங்கள் தீவின் வெவ்வேறு பக்கங்களில் சும்மா விளையாடிக்கொண்டிருந்தன. ஐந்து கூட்டமும் பேசி முடிவு செய்தோம். ஒவ்வோர் அணியும் மற்ற நான்கு அணிகளுடனும் இரண்டு தடவை, ஒன்று நம் இடத்தில், ஒன்று அவர்கள் இடத்தில், ஆக எட்டு ஆட்டம். டிசம்பர், ஜனவரி மழையில் எதுவும் செய்ய முடியாது, அதனால் பிப்ரவரி நடுவில் ஆரம்பித்து ஜூன் பள்ளி விடுமுறைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். சாப்பாடும் அப்படியே வந்தது, கோழிக்குப் பதிலாக இட்லி, வடை, சட்னி, யாராவது பிறந்த நாள் என்றால் கேசரி.

சரி, ஆட்டம் எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு போட்டி நாளிலும் மூன்று இரட்டையர் ஆட்டங்கள். நன்றாக ஆடுகிற இருவர் முதல் ஜோடி, அப்புறம் இரண்டாம் ஜோடி, அப்புறம் மூன்றாம் ஜோடி. எந்த ஜோடி ஜெயித்தாலும் அணிக்கு ஒரே ஒரு புள்ளிதான். இங்கேதான் நான் நேயர்களிடம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. முதல் ஜோடி அடிக்கிற செர்வைப் பார்க்கத்தான் எல்லோரும் வேலியோரம் நிற்பார்கள், ஆனால் அவர்கள் கொண்டுவருகிற புள்ளியும் மூலைக் கோர்ட்டில் யாரும் பார்க்காமல் ஆடுகிற மூன்றாம் ஜோடி கொண்டுவருகிற புள்ளியும் ஒன்றே. முதல் ஜோடிகள் பெரும்பாலும் எல்லா அணியிலும் சமமாக இருப்பார்கள், இன்று நீ, நாளை நான். மூன்றாம் ஜோடியை அக்கறையாக வளர்க்கிற அணிதான் மே மாதத்தில் மேலே நிற்கும். அணித்தலைவியாக ஆறு பருவம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் நிறைய அணிகள் மூன்றாம் இடத்துக்கு அன்று காலை யார் கையில் சிக்குகிறார்களோ அவர்களைப் போட்டு அனுப்புகின்றன. அந்த ஆள் தோற்றுவிட்டு, அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

போன பருவம் எங்கள் மூன்றாம் ஜோடி, எழுபத்தொரு வயது அங்கிள் ஒருவரும் பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கிற ஒரு பெண்ணும். அங்கிள் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். 1966 டிசம்பரில் அவருக்குப் பன்னிரண்டு வயது. மெல்பர்னில், நாடுகள் மோதிக்கொள்ளும் டேவிஸ் கிண்ண இறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் நாலுக்கு ஒன்று என்று தோற்றது, அந்த ஒன்று இரட்டையர் ஆட்டத்தில் வந்தது. நம் ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் நியூகோம்ப், ரோச் ஜோடியையே வீழ்த்தினார்கள். தளத்துக் குடியிருப்பில் தன் அப்பா நாளிதழைப் பிரித்து அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியதை அங்கிள் இன்றைக்கும் சொல்வார். ஒற்றையர் ஆட்டத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பெண் மட்டையைப் பிடித்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பலமாக அடிப்பாள், பாதி வெளியே போகும். அங்கிள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே விஷயம். ஒன்று, உயரத் தூக்கிப் போடுவது, அதாவது லாப். இன்னொன்று, நடுவில் அடிப்பது. டென்னிஸ் வலை கம்பத்துக்குப் பக்கத்தில் 107 சென்டிமீட்டர் உயரம், நடுவில் பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருப்பதால் 91 சென்டிமீட்டர்தான். சாண் அளவுக்குக் கிட்ட வருகிற வித்தியாசம் அது. நடுவில் அடித்தால் வலையில் பட வாய்ப்பு குறைவு, ஓரக் கோட்டைத் தாண்டிப் போகவும் வழியில்லை, அந்தப் பக்கம் நிற்கிற இருவரும் நீ எடுப்பாயா நான் எடுக்கவா என்று ஒரு நொடி தயங்குவார்கள். “நடுவுல போடும்மா, நடுவுல” என்று அவர் சொல்லிச் சொல்லி, ஏப்ரல் மாதத்தில் அவளே அவருக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: “அங்கிள், நடுவுல!”

கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மே மாதம், எங்கள் இடத்தில், கிழக்குப் பக்கத்து அணியோடு. முதல் ஜோடி தோற்றது, இரண்டாம் ஜோடி ஜெயித்தது, மூன்றாம் ஜோடி ஆளுக்கொரு செட் எடுத்துப் பத்துப் புள்ளி டை-பிரேக்கில் நின்றது, அதாவது இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தைத் தொடுபவருக்கே வெற்றி. கோர்ட் காலை பத்து மணி வரைக்கும்தான் எங்களுக்கு. ஒன்பது தாண்டியதும் மேற்கே வானம் மைக்கறுப்பாக ஏறியது. இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குச் சுமத்ரா காற்று எப்படி வரும் என்று தெரியும், முதலில் ஒரு குளிர்ந்த வீச்சு, மரமெல்லாம் ஒரே பக்கம் சாயும், அப்புறம் பேச நேரமில்லை. எதிரணி ஒரு லாப் தூக்கிப் போட்டது, பந்து மேலே இருக்கும்போதே மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது, அங்கிள் மட்டையை இறக்கிவிட்டார், பந்து உள்ளே விழுந்தது. எல்லோரும் கூரைக்கு ஓடினோம்.

கூரைக்கடியில் பிரச்சினை ஆரம்பித்தது. எங்கள் மாதிரி ஆட்டங்களில் நடுவர் கிடையாது. அவரவர் பக்கத்துப் பந்தை அவரவரே சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும், புள்ளிக் கணக்கையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தங்களுக்கு ஏழு, எங்களுக்கு ஆறு என்றார்கள். எங்கள் பெண் இல்லை, ஏழு நமக்கு என்றாள். கணக்கில் சச்சரவு வந்தால் இருதரப்பும் ஒத்துக்கொள்கிற புள்ளிகளிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். மழை கூரையில் கொட்டுகிறது, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை, நால்வரும் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு முதல் புள்ளியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். இது வலையில் பட்டது, இது இரண்டு செர்வும் தவறிப்போன டபுள் ஃபால்ட், இது அங்கிள் தூக்கிப் போட்டு அவர்கள் விட்டது என்று விரல் விட்டு எண்ணினார்கள். எதிரணியில் ஒரு மலாய்ப் பெண்மணி, எங்கள் பெண் மறந்துபோன ஒரு புள்ளியை அவரே நினைவுபடுத்தி எங்கள் கணக்கில் சேர்த்தார். டை-பிரேக்கில் ஆறு புள்ளிக்கு ஒரு முறை பக்கம் மாற வேண்டும். இரண்டாவது தடவை மாறியது எல்லோருக்கும் நினைவிருந்தது, ஆக பன்னிரண்டு முடிந்துவிட்டது. ஆறுக்கு ஆறு. சங்கு ஊதியபோது நடந்த பதின்மூன்றாவது புள்ளிதான் இவர்களுக்கா அவர்களுக்கா என்ற குழப்பம். அதைத் திரும்ப ஆடிவிடலாம் என்று முடிவானது. நாற்பது நிமிட மழையில் நான் இவ்வளவு நல்ல பேச்சுவார்த்தையைப் பார்த்ததில்லை.

மழை விட்டபோது மணி பத்து ஆகப் போகிறது. கோர்ட் முழுக்கத் தண்ணீர். ரப்பர் துடைப்பானை வைத்து இரண்டு அணியும் சேர்ந்து தள்ளினோம். ஆனால் வெள்ளைக் கோடுகள்தான் ஆபத்து, சாயம் பூசிய இடம் ஈரத்தில் வழுக்கும், எழுபத்தொரு வயதுக்காரர் அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? எங்கள் பெண் முட்டி போட்டுத் தன் துண்டாலேயே பின்கோட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் துடைத்துக்கொண்டே போனாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். அதற்குள் பத்து மணிக்குப் பதிவு செய்த பையன்கள் வந்துவிட்டார்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், நான்கு பேர். அவர்கள் காசு கட்டி வாங்கிய நேரம் அது, எழுந்திருங்கள் என்று சொல்ல முழு உரிமை இருக்கிறது. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் டை-பிரேக்கில் எவ்வளவு என்று கேட்டான், ஆறுக்கு ஆறு என்றேன், உடனே நால்வரும் பைகளைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் ஜோடி ஆட்டத்துக்கு அவ்வளவு பார்வையாளர்கள் அன்றுதான் முதல் தடவை.

நனைந்த பந்து கனமாக இருந்தது, எழும்பவில்லை, யாராலும் பலமாக அடிக்க முடியவில்லை. எங்களுக்கு ஒன்பது, அவர்களுக்கு எட்டு என்று வந்தபோது அந்தப் பெண் நடுவில் அடித்தாள், வேகமே இல்லாத ஒரு பந்து, பட்டைக்கு மேலே ஒரு கை உயரத்தில் போய் இருவருக்கும் இடையில் விழுந்தது. இருவரும் நகரவில்லை. அங்கிள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் வலைக்குத்தான் நடந்தார், கை கொடுக்க.

பட்டியலில் நாங்கள் மூன்றாம் இடம். அன்று அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஆறிப்போன இட்லியைப் பையன்களுக்கும் கொடுத்தோம், ஹண்ட்ரட் பிளஸ் பானம் தீர்ந்துவிட்டதால் ஒருவர் ஓடிப்போய்க் கோப்பிக்கடையிலிருந்து எல்லோருக்கும் தே வாங்கி வந்தார்.

அந்த நால்வரில் இரண்டு பேர் ஆகஸ்டிலிருந்து எங்களோடு விளையாடுகிறார்கள். இருவருக்கும் முதல் ஜோடியில் ஆட ஆசை, அதற்குத் தகுந்த கையும் இருக்கிறது. ஆனால் வரும் பிப்ரவரியில் இவர்களை மூன்றாம் ஜோடியில்தான் இறக்கப் போகிறேன், ஆளுக்கொரு வாரம் அங்கிளோடு. இப்போதே சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவர் இருவரையும் பின்கோட்டில் நிறுத்தி ஐம்பது லாப் தூக்கச் சொல்கிறார், எண்ணுவது அந்தப் பாலிடெக்னிக் பெண். முதல் ஆட்டம் எங்கள் கோர்ட்டில், காலை எட்டு மணிக்கு. சட்னிக்குத் தேங்காய் வாங்குவது என் பொறுப்பு.