ஃபாக்லாந்துக் கடலில் இருபது நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரின்போது, 1982 மே 25 அன்று பிற்பகலில், தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு வடக்கே, பெபிள் தீவுக்கு அப்பால், இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஒன்றுக்கொன்று துணையாகக் காவல் நின்றன. கோவென்ட்ரி என்ற நாசகாரிக் கப்பலில், தொலைவிலும் உயரத்திலும் வரும் விமானங்களை வீழ்த்தும் சீ டார்ட் ஏவுகணை இருந்தது. பிராட்ஸ்வர்ட் என்ற ஃபிரிகேட் கப்பலில், அந்த வலையில் சிக்காமல் அலைமட்டத்தில் நெருங்கிவிடும் விமானங்களுக்கென்றே செய்யப்பட்ட சீ வுல்ஃப் ஏவுகணை இருந்தது. முன்னது 42ஆம் வகை, பின்னது 22ஆம் வகை. இரண்டையும் கூட்டி, இந்த இணைக்கு '64ஆம் வகை' என்று கடற்படையினரே வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டல் அன்று ஏன் பொய்த்தது என்பதை விளங்கிக்கொள்ள, சீ வுல்ஃபுக்கு ஒரு தலைமுறை முந்திய ஆயுதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் பெயர் சீ கேட். பெல்ஃபாஸ்ட் நகரின் ஷார்ட் பிரதர்ஸ் நிறுவனம், ஆஸ்திரேலியாவில் உருவான மல்காரா என்னும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையின் வழியில் அதை வடிவமைத்தது. கப்பல்களின் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகளுக்கு மாற்றாக 1960களின் தொடக்கத்தில் அது பணிக்கு வந்தது. அதன் எளிய வடிவில், மேல்தளத்தில் அமர்ந்த ஒரு மாலுமி இருகண் தொலைநோக்கியால் எதிரி விமானத்தைப் பார்த்தபடியே, ஏவுகணையின் வாலில் எரியும் சுடரையும் கண்ணில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு சிறு பிடியை அசைத்து, வானொலிக் கட்டளை மூலம் அதைச் செலுத்த வேண்டும். மலிவானது, இலகுவானது, சிறிய கப்பலிலும் பொருத்தத் தக்கது என்பதால் பல நாட்டுக் கடற்படைகள் அதை வாங்கின. நம் நாட்டின் நீலகிரி வகை ஃபிரிகேட்களிலும் சீ கேட் இருந்தது. பின்னாளில் ஐ.என்.எஸ். விராட் ஆகி இந்தியாவுக்கு வந்த ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல், ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் படையணியின் தலைமைக் கப்பலாக நின்றபோது, அதன் அருகிருந்து காக்கும் ஏவுகணையும் இதுதான்.

சீ கேட்டின் வேகம் ஒலியின் வேகத்தைவிடக் குறைவு. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் அதன் எல்லை. அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 250 மீட்டர் வீதம் வருவதாக வைத்துக்கொள்வோம். 6 கிலோமீட்டரில் அதைக் கண்ணால் கண்டாலும், தலைக்கு மேல் அது வந்துசேர 24 நொடிதான் இருக்கிறது. அந்த 24 நொடிக்குள் எச்சரிக்கை மாலுமியின் காதை எட்ட வேண்டும், ஏவுமேடை திரும்ப வேண்டும், ஏவுகணை கிளம்ப வேண்டும், கிளம்பியதைத் தொலைநோக்கியின் வட்டத்துக்குள் கொண்டுவந்து குறியோடு சேர்க்க வேண்டும். விமானம் தன் கப்பலை நோக்கி நேரே வந்தாலாவது ஓரளவு வாய்ப்பு உண்டு. பக்கத்துக் கப்பலைத் தாக்கக் குறுக்கே பறந்தால், ஏறத்தாழத் தன் வேகத்திலேயே போகும் ஒன்றை இந்த ஏவுகணையால் எட்டிப் பிடிக்க முடியாது.

ஃபாக்லாந்துப் போரில் 80க்கு மேற்பட்ட சீ கேட்கள் ஏவப்பட்டன. போர் முடிந்த ஆண்டிலேயே பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அறிக்கை, அவை 8 விமானங்களை வீழ்த்தியதாகக் கூறியது. அர்ஜென்டினாவின் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்த எட்டு, மிஞ்சினால் ஒன்று என்று சுருங்கியது. இதைப் பொய்க்கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் படை கரையிறங்கிய சான் கார்லோஸ் விரிகுடாவில் குன்றுகளுக்கிடையே ஒரு விமானம் பாய்ந்து வரும்போது கப்பல் ஏவுகணை, கரையிலிருந்து ரேப்பியர் ஏவுகணை, பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி என எல்லாமே அதன்மேல் பாய்ந்தன. விழுந்ததை ஒவ்வொருவரும் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வீழ்த்தாவிட்டாலும், சுடரோடு எதிரே வரும் சீ கேட் விமானியைத் தடுமாற வைத்து அவன் குறியைக் கெடுத்தது என்று அதற்காக வாதாடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மே 21இல் 22 பேரோடு அழிந்த ஆர்டென்ட் கப்பலிலும், இரண்டு நாள் கழித்துக் குண்டு வாங்கிய ஆன்டிலோப்பிலும் இருந்தது அதே சீ கேட்தான் என்பதால், அந்த வாதத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

மனிதனின் கட்டைவிரலை இந்த வேலையிலிருந்து விடுவிக்கவே சீ வுல்ஃப் பிறந்தது. 1979இல் பிராட்ஸ்வர்டில் பணிக்கு வந்த அந்த ஏவுகணை, 80 கிலோ எடையும் ஒலியைப்போல் இரு மடங்கு வேகமும் உடையது. தேடு ரேடார் குறியைக் கண்டதும் கணினி அபாயத்தை எடைபோடும். பின்தொடரும் ரேடார் குறியையும் ஏவுகணையையும் ஒருசேரப் பார்த்து, இரண்டுக்கும் இடையிலான விலகலைக் கணக்கிட்டுக் கட்டளை அனுப்பும். கடல்மட்டத்தை ஒட்டி வரும் பொருளைப் பார்க்கையில் நீரில் பட்டுத் திரும்பும் அலைகள் ரேடாரைக் குழப்பியதால், தொலைக்காட்சிக் கேமரா ஒன்றும் துணைக்குச் சேர்க்கப்பட்டது. பறந்துவரும் 114 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டையே சோதனையில் அது அடித்து வீழ்த்தியது.

போர்க்களத்தில் அதன் சிறந்த நாள் மே 12. ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லிக்கு அப்பால் பிரில்லியன்ட், கிளாஸ்கோ ஆகிய கப்பல்கள்மீது நான்கு ஸ்கைஹாக்குகள் பாய்ந்தன. பிரில்லியன்டின் சீ வுல்ஃப் இரண்டை நொறுக்கியது. மூன்றாவது, தப்பிக்கத் திரும்புகையில் கடலில் மோதியது. சிறிது நேரத்தில் அடுத்த நான்கு வந்தபோது, அதே கப்பலின் அதே கருவி செயலிழந்து நின்றது. ஒரு குண்டு கிளாஸ்கோவின் ஒரு பக்கம் நுழைந்து வெடிக்காமலே மறுபக்கம் வெளியேறியது. அதை எறிந்த விமானி திரும்பும் வழியில், அர்ஜென்டினப் படை பிடித்திருந்த கூஸ் கிரீனில் தம் சொந்த நாட்டுப் பீரங்கியாலேயே வீழ்த்தப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யார் வருகிறார்கள் என்று அறிவதற்கும் நேரம் இல்லாத போர் அது.

இனி மே 25க்கு வருவோம். முதலில் வந்த இரண்டு ஸ்கைஹாக்குகள் ஒன்றையொன்று ஒட்டியே பறந்தன. எதைப் பிடிப்பது என்று முடிவுசெய்ய முடியாத பிராட்ஸ்வர்டின் சீ வுல்ஃப் கணினி, பிடித்த குறியைக் கைவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்பியது. ஒரு குண்டு நீரில் பட்டு எழும்பி, பிராட்ஸ்வர்டின் பின்பகுதியைத் துளைத்து, தளத்தில் நின்ற லிங்க்ஸ் ஹெலிகாப்டரின் மூக்கைச் சிதைத்து, வெடிக்காமல் போனது. அடுத்த இணை கோவென்ட்ரியை நோக்கி வந்தபோது சீ வுல்ஃப் சரியாகவே குறியைப் பிடித்துவிட்டது, ஏவுவதுதான் பாக்கி. அந்த நொடியில், தாக்குதலுக்குத் தன் உடலைக் குறைவாகக் காட்ட வேகமாகத் திரும்பிய கோவென்ட்ரி, ஏவுகணையின் பாதைக்குக் குறுக்கே வந்துவிட்டது. மூன்று குண்டுகள் அதன்மேல் விழுந்தன. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கப்பல் கவிழ்ந்தது. 19 பேர் இறந்தார்கள். கோவென்ட்ரியின் தலைவர் டேவிட் ஹார்ட் டைக் செய்தது தனிக் கப்பலுக்கு முற்றிலும் சரியான செயல். இரண்டு கப்பல்களை ஒரே ஆயுதமாக இயக்குவதற்கான பழக்கம் அப்போது இன்னும் கூடிவரவில்லை என்பதே என் கருத்து.

போருக்குப் பின் மென்பொருள் திருத்தப்பட்டது. தாழ்ந்து வருபவற்றைத் தெளிவாகக் காணும் புதிய ரேடார் வந்தது. 23ஆம் வகைக் கப்பல்களில், திரும்பிக் குறிபார்க்க வேண்டிய ஏவுமேடைக்குப் பதிலாக, செங்குத்தாக மேலே கிளம்பும் 32 ஏவுகணைகள் முன்தளத்தில் பதிக்கப்பட்டன. மேடை திரும்பும் நேரம் மிச்சமாயிற்று. ஆயினும் ஒவ்வொரு ஏவுகணையையும் இலக்கு வரை கொண்டுசெல்ல ஒரு பின்தொடரும் ரேடார் தேவைப்பட்டதால், ஒரே நேரத்தில் சமாளிக்கத் தக்க குறிகளின் எண்ணிக்கை ரேடார்களின் எண்ணிக்கையைத் தாண்டவில்லை. 2018இல் பணிக்கு வந்த சீ செப்டர் ஏவுகணை, தன் மூக்கிலேயே ரேடாரை வைத்துக்கொண்டு அந்தக் கட்டையும் அவிழ்த்தது. அதன் எல்லையும் 25 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 2024 மார்ச்சில் செங்கடலில் யேமனின் ஹூத்திப் படையினர் அனுப்பிய இரண்டு டிரோன்களை ரிச்மண்ட் என்ற 23ஆம் வகை ஃபிரிகேட் சீ செப்டரால் வீழ்த்தியது. ஒரு காலத்தில் சீ வுல்ஃப்கள் நின்ற அதே முன்தளத்திலிருந்துதான் அந்தச் சீ செப்டர்கள் கிளம்பின.

வணக்கம்.